வெளிச்சம் சுழற்றும் சக்கரங்கள்

அறிவியல் கண்காட்சிகளில் அடிக்கடி பார்க்கக் கிடைக்கும் ஒரு கண்ணாடிக் குடுவை உண்டு. உள்ளே ஊசிமுனையில் நிற்கும் நான்கு சிறு தகடுகள். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளி. வெயிலில் வைத்தால் தகடுகள் சுற்றத் தொடங்கிவிடும். "ஒளி தள்ளுகிறது, அதனால் சுற்றுகிறது" என்று பக்கத்தில் நிற்கும் மாணவர் விளக்குவார். கேட்பவர்களும் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவார்கள். ஒரு நிமிடம் நின்று, அது எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று கவனித்தால் அந்த விளக்கம் நொறுங்கிவிடும்.

கறுப்புப் பரப்பு ஒளியை விழுங்குகிறது. வெள்ளிப் பரப்பு அதைத் திருப்பி அனுப்புகிறது. ஒளிக்கு உந்தம் உண்டு என்றால், வந்த ஒளியை நிறுத்தும்போது பரப்புக்கு ஒரு பங்கு உந்தம் கிடைக்கும். வந்த வழியே திருப்பி அனுப்பினால் இன்னொரு பங்கும் சேரும். ஆகவே வெள்ளிப் பக்கம்தான் இருமடங்கு தள்ளப்பட வேண்டும், வெள்ளிதான் பின்வாங்க வேண்டும். குடுவைக்குள் நடப்பது நேர்மாறு: கறுப்புப் பக்கம் பின்வாங்குகிறது.

இந்தக் கருவியைச் செய்தவர் இங்கிலாந்தின் வில்லியம் குரூக்ஸ். தாலியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அதன் அணு எடையைத் துல்லியமாக அளக்க, காற்று அகற்றிய பெட்டிக்குள் தராசை வைத்து நிறுத்துக்கொண்டிருந்தார். வெயில் பட்டபோது தராசு தடுமாறியது. அந்தத் தடுமாற்றத்தைத் துரத்திக்கொண்டு போய் 1870-களின் நடுவில் இந்தச் சுழலியில் வந்து நின்றார். ஒளியின் அழுத்தத்தையே பிடித்துவிட்டதாக முதலில் பலர் நினைத்தார்கள். 1876-இல் ஆர்தர் ஷூஸ்டர் குடுவையையே நூலில் தொங்கவிட்டுப் பார்த்தார். உள்ளே தகடுகள் ஒரு பக்கம் சுற்ற, குடுவை எதிர்ப்பக்கம் திரும்பியது. தள்ளுவது வெளியிலிருந்து வரும் ஒளியாக இருந்தால் குடுவை இப்படி எதிர்வினை காட்டாது. தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் எஞ்சியிருக்கும் கொஞ்சக் காற்றுதான் இரண்டையும் தள்ளுகிறது. கறுப்புப் பக்கம் சூடாகிறது, அதன் ஓரங்களில் காற்று மூலக்கூறுகள் நகர்கின்றன, தகடு நகர்கிறது. இந்தக் கணக்கை 1879-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸும் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்லும் போட்டுக் காட்டினார்கள். காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டால் சுழலி நின்றுவிடுகிறது.

ஒரு பொம்மைக்கு இத்தனை விளக்கம் எதற்கு என்று தோன்றலாம். ஒளியை வைத்து எதையாவது நகர்த்த நினைப்பவர் ஒவ்வொருவரும் இன்றும் இந்தக் குழப்பத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. ஒளி பட்டு ஒரு பொருள் நகர்ந்தால் முதல் சந்தேகம் வெப்பத்தின் மேல்தான் விழ வேண்டும். ஒளியின் சொந்தத் தள்ளுதல் அவ்வளவு அற்பமானது.

எவ்வளவு அற்பம்? மேக்ஸ்வெல் 1873-இல் தம் மின்காந்த நூலில் எழுதிவைத்த விதி எளியது. ஒளியின் திறனை அதன் வேகத்தால் வகுத்தால் விசை கிடைக்கும். வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் என்பதால் வகுத்து வரும் விடை ஒன்றுமில்லாமல் போகிறது. 1 வாட் ஒளியை ஒரு பரப்பு முழுதாக விழுங்கினால் அதன் மேல் விழும் விசை 3.3 நானோநியூட்டன், அதாவது ஒரு மில்லிகிராமில் மூவாயிரத்தில் ஒரு பங்கு எடை. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் கறுப்புத் துணிமேல் தரும் தள்ளுதல் அரை மில்லிகிராம் எடைக்குக்கூட வராது. அதே துணிமேல் காற்று தரும் அழுத்தத்தில் அது சுமார் 3,000 கோடியில் ஒரு பங்கு. வால்நட்சத்திரத்தின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறம் நீள்வதைப் பார்த்து, சூரிய ஒளிக்குத் தள்ளும் குணம் இருக்க வேண்டும் என்று கெப்ளர் 1619-லேயே ஊகித்திருந்தார். ஊகத்தை அளந்து காட்ட ஏறக்குறைய 280 ஆண்டுகள் பிடித்தன.

அளந்தவர் மாஸ்கோவின் பியோத்தர் லெபெதெவ். மெல்லிய உலோகத் தகடுகளை நூலிழையில் தொங்கவிட்டு, குரூக்ஸை ஏமாற்றிய அந்தக் காற்றை முடிந்தவரை வெளியேற்றி, கறுப்புத் தகட்டையும் பளபளப்பான தகட்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். முடிவை 1900-இல் பாரிஸ் மாநாட்டில் அறிவித்தார். கிட்டத்தட்ட அதே காலத்தில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் நிக்கோல்ஸும் ஹல்லும் தனியாக அதே அளவீட்டைச் செய்தார்கள். மேக்ஸ்வெல் சொன்னது சரி என்று ஆயிற்று. அதோடு, இதனால் நடைமுறைப் பயன் எதுவும் இல்லை என்ற முடிவும் சேர்ந்துகொண்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த முடிவில் தவறும் இல்லை.

நிலைமையை மாற்றியவை இரண்டு: லேசர், பொருளின் அளவு. லேசரைப் பற்றிப் பலருக்கும் தெரியும். அளவைப் பற்றித்தான் பேச வேண்டும். ஒரு பொருளின் நீளத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் அதன் பரப்பு நூறில் ஒரு பங்காகும், எடையோ ஆயிரத்தில் ஒரு பங்காகும். தள்ளுவதை வாங்கிக்கொள்வது பரப்பு, தடுப்பது எடை. சிறுக்கச் சிறுக்க ஒளியின் கை ஓங்குகிறது. ஒரு மைக்ரான் குறுக்களவுள்ள கண்ணாடி மணியை எடுத்துக்கொள்வோம். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் எடை சுமார் 0.01 பிக்கோநியூட்டன். வகுப்பறையில் சுட்டிக்காட்டப் பயன்படுத்தும் 1 மில்லிவாட் லேசர் பேனாவின் ஒளி முழுவதையும் அதன்மேல் குவிக்க முடிந்து, அந்த உந்தம் முழுவதும் மணிக்குப் போனால், விசை 3.3 பிக்கோநியூட்டன், மணியின் எடையைப்போல் ஏறத்தாழ முந்நூறு மடங்கு. கண்ணாடி பெரும்பாலான ஒளியை விட்டுவிடும், பத்தில் ஒரு பங்கு உந்தம்தான் கிடைக்கும் என்று கழித்துக்கொண்டாலும் முப்பது மடங்கு மிச்சம்.

இந்தக் கணக்கை 1960-களின் இறுதியில் போட்டுப் பார்த்தவர் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பெல் ஆய்வகத்தில் இருந்த ஆர்தர் ஆஷ்கின். குரூக்ஸ் சுழலியின் பாடம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஆகவே கறுப்புத் துகளை அவர் தொடவே இல்லை. ஒளியை விழுங்காத ஒளிபுகும் ரப்பர்பால் மணிகளை, ஒளியை விழுங்காத தண்ணீரில் மிதக்கவிட்டார். சூடாக எதுவும் இல்லை என்றால் வெப்பத்தின் வேலை என்ற பேச்சுக்கும் இடமில்லை. லேசரைக் குவித்ததும் மணிகள் கற்றையோடு ஓடின. அது எதிர்பார்த்தது. எதிர்பாராதது இன்னொன்று: கற்றையின் ஓரத்தில் இருந்த மணிகள் நடுவுக்கு இழுக்கப்பட்டன.

காரணம் உந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஒளிபுகும் மணி ஒரு குட்டி லென்ஸ். உள்ளே நுழையும் கதிரை வளைத்து வெளியே விடுகிறது. கதிர் இடப்பக்கம் வளைந்தால் மணி வலப்பக்கம் உதைபடும். கற்றையின் நடுவில் வெளிச்சம் அதிகம், ஓரத்தில் குறைவு. நடுவிலிருந்து வரும் வலுவான கதிர்களை மணி வெளிப்பக்கம் வளைத்துவிடுவதால் அது உள்பக்கம் உதைபடுகிறது. 1970-இல் ஆஷ்கின் இதை வெளியிட்டபோது, இரண்டு லேசர்களை எதிரெதிரே வைத்து மணியை நடுவில் நிறுத்தியும் காட்டியிருந்தார். 1986-இல் ஒரே கற்றையை மிகக் கூர்மையாகக் குவித்தாலே போதும், மணி குவியத்தை விட்டு நகராது என்று கூட்டாளிகளோடு நிரூபித்தார். அவர்களில் ஒருவர் ஸ்டீவன் சூ. பின்னாளில் அணுக்களை லேசரால் குளிர்வித்ததற்கு நோபல் வாங்கியவர். ஒளி இடுக்கி என்று இன்று நாம் அழைப்பது அந்த 1986-ஆம் ஆண்டுக் கருவியைத்தான். ஆஷ்கினுக்கு நோபல் பரிசு 2018-இல்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது 96. அறிவியல் உலகம் சிலரை இவ்வளவு காக்க வைத்துவிட்டுப் பிறகு தன் தாராளத்தைத் தானே மெச்சிக்கொள்கிறது.

பிடித்து வைப்பது வேறு, இயந்திரம் ஓட்டுவது வேறு. இயந்திரத்துக்குச் சுழற்சி வேண்டும். ஒளியால் தள்ள மட்டுமல்ல, திருகவும் முடியும். தளவிளைவுற்ற ஒளியில் ஒரு வகை, அதன் மின்புலம் பயணத் திசையைச் சுற்றிச் சுழன்றுகொண்டே போகும் வட்டத் தளவிளைவு. அந்த ஒளி கோண உந்தத்தையும் சுமந்து வரும் என்று ஜான் பாயின்டிங் 1909-இல் சொன்னார். ஒளித்துகளுக்குத் தற்சுழற்சி உண்டு என்பதற்கு ஒளிச்சிதறலிலிருந்து சோதனைச் சான்று தேடி, 1931-இல் இந்திய இயற்பியல் இதழில் வெளியிட்டவர்கள் சி.வி. ராமனும் எஸ். பகவந்தமும். ராமன் திருச்சியில் பிறந்தவர் என்பதைப் பாடநூல்கள் விடாமல் சொல்கின்றன. அந்த 1931 ஆய்வுக் கட்டுரையைப் பற்றி அவை மூச்சுவிடுவதில்லை. அந்தத் திருகலை நேரடியாக, ஒரு பொருள் திரும்புவதைப் பார்த்து அளந்தவர் ரிச்சர்டு பெத். 1936-இல் பிரின்ஸ்டனில், குவார்ட்ஸ் இழையில் தொங்கிய ஒரு படிகத் தட்டு ஒளியால் திரும்பியது. திரும்பியது கண்ணுக்குத் தெரியாத அளவுதான்.

அதே விசை மைக்ரான் உலகில் என்ன செய்கிறது என்று 1998-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். கால்சைட் என்ற கனிமத்தின் பொடித் துகளை ஒளி இடுக்கியில் பிடித்து, வட்டத் தளவிளைவுற்ற ஒளியைச் செலுத்தினார்கள். கால்சைட் தன் வழியாகச் செல்லும் ஒளியின் தளவிளைவை மாற்றிவிடும். மாற்றிய அளவுக்குக் கோண உந்தத்தை வாங்கிக்கொள்ளும். துகள் நொடிக்கு 350 முறைக்கு மேல் சுழன்றது. ஒளியின் தளவிளைவைத் திருப்பிவிட்டால் சுழற்சியும் திரும்பும். இங்கேயும் அளவுதான் உதவிக்கு வருகிறது. தண்ணீரில் சுழலும் உருண்டையின் ஆரம் பாதியானால் தண்ணீரின் தடை எட்டில் ஒரு பங்காகக் குறையும். தண்ணீரே இல்லை என்றால்? 2018-இல் சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்திலும் வெற்றிடத்தில் நானோ துகளை இப்படிச் சுழற்றி, நொடிக்கு 100 கோடிச் சுற்றுகளை எட்டினார்கள்.

ஆனால் கால்சைட் பொடி இயந்திரம் ஆகாது. பல் வைத்த சக்கரம் வேண்டும், அச்சு வேண்டும். அதைச் செதுக்கும் வழியையும் லேசரே கொடுத்தது. ஒளி பட்டால் கெட்டியாகும் ரெசினுக்குள் மிகக் குறுகிய லேசர் துடிப்புகளைக் குவித்தால், குவியப் புள்ளியில் மட்டும் ரெசின் கெட்டிப்படும். சுற்றிலும் திரவமாகவே இருக்கும். அந்தப் புள்ளியை நகர்த்தி நகர்த்தி எந்த உருவத்தையும் வரையலாம். ஜப்பானின் ஒசாகாவில் 2001-இல் 10 மைக்ரான் நீளம், 7 மைக்ரான் உயரத்தில் ஒரு காளை மாட்டைச் செய்து காட்டினார்கள். ஏறத்தாழ ஒரு சிவப்பணுவின் அளவு. கொம்பு, வால் எல்லாம் இருந்தது. அதே 2001-இல் ஹங்கேரியின் செகெட் நகரில் பீட்டர் கலைதாவும் பால் ஓர்மோஷும் மாடு செய்யவில்லை, சக்கரம் செய்தார்கள். தோட்டத்தில் தண்ணீர் தெளித்தபடி சுழலும் குழாய்க் கைகளைப் போல வளைந்த கைகள் கொண்ட சில மைக்ரான் சுழலி அது. இடுக்கியின் ஒளி அதில் பட்டுப் பக்கவாட்டில் சிதறும். சிதறும் உதையில் சுழலி சுழலும். கண்ணாடித் தட்டில் நிறுத்திய அச்சுகளில் பற்சக்கரங்களைப் பொருத்தி, ஒளி சுழற்றும் சக்கரம் பக்கத்துச் சக்கரத்தைச் சுழற்றுவதையும் காட்டினார்கள். செய்ததும் ஒளி, ஓட்டியதும் ஒளி.

என் கணிப்பில் இந்தத் துறையின் உண்மையான திருப்பம் இதுதான். அதுவரை ஒளியைச் சிக்கலாக்கி எளிய மணியை நகர்த்தினார்கள். இங்கே ஒளி எளிமையானது, சிக்கல் எல்லாம் பொருளின் வடிவத்துக்குள் போய்விட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கொலராடோவில் வேறு வழியைப் பிடித்தவர்களும் உண்டு. 3 மைக்ரான் சிலிக்கா மணிகளை நுண்குழாய்க்குள் வரிசையாகப் பிடித்து, லேசரை வேகமாக அசைத்து அவற்றை நெளியவும் சுழலவும் வைத்துத் திரவம் இறைக்கும் பம்பு ஆக்கினார்கள். அழகான வேலைதான். ஆனால் ஒவ்வொரு மணிக்கும் ஒளி தனித்தனியாகக் காவல் நிற்க வேண்டும். நூறு பம்புகள் வேண்டுமானால் அந்த முறை திணறிவிடும்.

வடிவத்துக்குள் சிக்கலை வைக்கும் வழி இப்போது வெகுதூரம் போயிருக்கிறது. ஸ்வீடனின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2021-இல் செய்த நுண்வண்டி ஒன்று, அகலம் பத்து மைக்ரான் அளவிலான ஒரு மெல்லிய தட்டு. அதற்குள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய வரிகளைப் பதித்திருக்கிறார்கள். மேலிருந்து நேராக வரும் ஒளியை அந்த வரிகள் ஒரு பக்கமாகத் திருப்பிவிடும். வண்டி எதிர்ப்பக்கம் நகரும். குவிக்க வேண்டியதில்லை, பின்தொடர வேண்டியதில்லை. இடம் முழுக்கச் சீரான வெளிச்சம் போட்டால் போதும். தளவிளைவை மாற்றித் திசையை மாற்றலாம். 2022-இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் இரண்டரை மைக்ரான் அளவுத் தட்டில் தங்க நானோ அலைவாங்கிகளை நான்கு மோட்டார்களாகப் பதித்து, தண்ணீரில் ஒரு தளத்தில் முன்னே பின்னே பக்கவாட்டில் ஓட்டியும் திருப்பியும் காட்டியது. இரண்டு நிற ஒளி, ஒவ்வொன்றிலும் இரண்டு சுழல் திசை. மொத்தம் நான்கு கட்டளைகள், நான்கு மோட்டார்கள்.

இப்படி ஓட்டும்போது நம் உலகத்துப் பழக்கங்களை மறந்துவிட வேண்டும். மைக்ரான் உலகில் சடத்துவம் கிடையாது என்றே சொல்லிவிடலாம். நீந்திக்கொண்டிருக்கும் பாக்டீரியா தன் இழையைச் சுழற்றுவதை நிறுத்தினால், ஓர் அணுவின் அகலத்தைக்கூடத் தாண்டாமல் நின்றுவிடும். ஒளியை அணைத்த கணமே வண்டியும் அப்படியே நிற்கும், பிரேக் தேவையில்லை. நின்ற இடத்தில் சும்மாவும் இருக்காது. தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் முட்டிக்கொண்டே இருப்பதால் தள்ளாடும். பிரௌனியன் இயக்கம் என்று பள்ளியில் படித்தது இங்கே இயந்திரவியலின் அன்றாடத் தொல்லை. இன்னொரு தொல்லை ஒட்டிக்கொள்வது. எடை ஒன்றுமில்லாத இந்த அளவில் பரப்புக்குப் பரப்பு ஈர்ப்புதான் ராஜா. அச்சும் சக்கரமும் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் ஒளியின் சில பிக்கோநியூட்டன் விசைக்கு அதைப் பிரிக்கத் தெம்பில்லை.

சரி, இந்த மோட்டாரின் செயல்திறன் என்ன? இதைப் பற்றி எழுதுபவர்கள் சொல்லாமல் நழுவும் எண் இது. ஒளியின் உந்தத்தால் மட்டும் நகரும் வண்டியின் செயல்திறன், அதன் வேகத்துக்கும் ஒளியின் வேகத்துக்கும் உள்ள விகிதத்தை ஒட்டியே இருக்கும். நொடிக்கு 100 மைக்ரான் ஓடும் வண்டிக்கு அது ஏறத்தாழ 3 லட்சம் கோடியில் ஒரு பங்கு. நம் உயிரணுக்களுக்குள் சரக்கு சுமந்து நடக்கும் கைனசின் என்ற புரத மோட்டார் தன் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ பாதியை வேலையாக மாற்றுகிறது. அந்தக் கைனசின் 8 நானோமீட்டர் அளவுள்ள அடிகளாக எட்டு வைத்து நடக்கிறது என்று நமக்குக் காட்டிக்கொடுத்ததும் ஒளி இடுக்கிதான், 1993-இல். ஆற்றல் சிக்கனம் என்ற தேர்வில் ஒளி மோட்டார் பாஸாக வழியே இல்லை. மீதி ஒளி பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். கொஞ்சம் தண்ணீரைச் சூடாக்கும். உயிரணு பக்கத்தில் இருந்தால் அந்தச் சூடும் வெளிச்சமும் அதைக் கொல்லவும் கூடும். ஆஷ்கினே பாக்டீரியாக்களைப் பச்சை லேசரில் பிடித்தபோது அவை செத்தன. அகச்சிவப்புக்கு மாறிய பிறகுதான் பிழைத்தன.

அப்படியிருந்தும் ஏன் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? மற்ற வழிகளின் சிக்கல்களைப் பார்த்தால் புரியும். மின்விசையால் ஓடும் நுண்மோட்டாருக்குக் கம்பி வேண்டும். உப்புத் தண்ணீரில் அயனிகள் மின்புலத்தைச் சூழ்ந்து மறைத்துவிடும். காந்தம் நன்றாக வேலை செய்யும், ஆழமாகவும் போகும். ஆனால் எல்லாத் துகளையும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இழுக்கும். ஒளி கண்ணாடிச் சுவரைத் தாண்டி, தொடாமல், பத்து மைக்ரான் தள்ளி நிற்கும் இரண்டு சக்கரங்களில் ஒன்றை மட்டும் சுழற்றிவிட்டு மற்றதை விட்டுவிடும். கொடுக்கும் விசையோ புரதமும் டி.என்.ஏ.வும் ஒன்றை ஒன்று இழுக்கும் அளவான சில பிக்கோநியூட்டன். அதனால் இதை எஞ்சினாகக் கருதி மதிப்பிடுவது வீண்வேலை. ஒரு செல்லைக் கிழிக்காமல் திருப்பிப் பார்க்கவும், ஒரு சொட்டுத் திரவத்தின் பாகுநிலையை அளக்கவும், நுண்குழாயில் ஒரு வாயிலைத் திறந்து மூடவும் வேண்டிய விரல் இது. ரத்தக்குழாய்க்குள் ஒளியால் நீந்தும் ரோபோ என்று பத்திரிகைத் தலைப்புகள் கிளம்பும்போது நம்ப வேண்டாம். உடல் திசுவில் ஒளி சில மில்லிமீட்டருக்குள் சிதறிப்போய்விடும். அங்கே வேலை செய்யப்போவது காந்தமாகத்தான் இருக்கும்.

சிப் தயாரிக்கும் அதே முறையில், ஒரே தட்டில் ஆயிரக்கணக்கில் இந்தச் சக்கரங்களை அச்சடிக்க இன்று முடிகிறது. ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகக் குழு பற்சக்கரத் தொடர்களையே அப்படிச் செய்து ஒளியால் ஓட்டியிருக்கிறது. ஆக, சக்கரம் இப்போது பிரச்சினை இல்லை. அதை ஓட்டும் லேசரும் லென்சும் நுண்ணோக்கியும் இன்னும் ஒரு பெரிய மேசையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஒளிமூலமும் அதே சிப்புக்குள் இறங்கும் நாள் வரை இந்த இயந்திரங்கள் ஆய்வகத்தின் வாசலைத் தாண்டப் போவதில்லை.